விலை கொடுத்தவருக்கே போட்ட பூட்டு



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக் கல்விப் பாடத்தில் நேர்மையைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தேன். களவுப் பதிப்புகளை வாங்கலாகாது என்றேன். "காசு கொடுத்து வாங்கினால் அது நமக்கே சொந்தம்தானே, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆம் என்று சொல்ல வாயெடுத்தவன் தயங்கி நின்றேன். என் வீட்டு அலமாரியில் கிடக்கும் ஒரு டிவிடி நினைவுக்கு வந்துவிட்டது.

2004ஆம் ஆண்டு, நான் பயிற்சி ஆசிரியராக இருந்த காலம். குடும்பத்தோடு தமிழகம் சென்றிருந்தபோது, நான் பெரிதும் விரும்பும் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றின் புதிய டிவிடியைச் சென்னையில் வாங்கினேன். ஒளியும் ஒலியும் புதுப்பிக்கப்பட்டவை என உறையில் பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஊர் திரும்பி ஆவலோடு போட்டுப் பார்த்தால், வட்டாரம் பொருந்தவில்லை என்று திரையில் ஒரு வரி. அவ்வளவுதான். பிறகு நண்பரொருவர் வீட்டில் அது ஓடியது. கீறலும் கோடும் பழையபடியே இருந்தன. ஒரு பாடலைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். அதே படம் எங்களூர் இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைத்தது. எந்தக் கருவியிலும் தடையின்றி ஓடியது.

காரணத்தைப் பின்னர்தான் அறிந்தேன். திரைப்பட நிறுவனங்கள் டிவிடிக்காக உலகை ஆறு வட்டாரங்களாகப் பிரித்திருந்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் மூன்றாம் வட்டாரம். இந்தியா ஐந்தாம் வட்டாரம். ஒரு நாட்டில் படம் திரையரங்கை எட்டுமுன் வேறு நாட்டு டிவிடி அங்கே வந்துவிடக் கூடாது என்பது அவர்களின் கணக்கு. திரையரங்கை விட்டுப் பல்லாண்டுகள் ஆன படத்துக்கு இந்தப் பூட்டு எதற்கு?

இந்தப் பூட்டுகளின் வரலாற்றில் சோனி நிறுவனத்தின் கதை வேடிக்கையானது. வீட்டிலேயே தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய உதவும் பீட்டாமேக்ஸ் கருவியை அது விற்றது. அதனால் தங்கள் உரிமை பறிபோவதாக யுனிவர்சலும் டிஸ்னியும் 1976இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமாகாது என 1984 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். மயிரிழையில் கிடைத்த வெற்றி. திரையுலகம் அழிந்துவிடவில்லை. பின்னாளில் வீடியோ நாடாக்களே அதற்குப் பெரும் வருவாய் தந்தன.

இருபத்தோராண்டுகள் உருண்டன. 2005இல் சோனி பிஎம்ஜி இசை நிறுவனம் தன் பாடல் குறுவட்டுகள் சிலவற்றில் எக்ஸ்சிபி என்னும் மென்பொருளைச் சேர்த்திருந்தது. வட்டை விண்டோஸ் கணினியில் இட்டு, திரையில் வரும் நிபந்தனைக்கு இசைந்தால் அது உள்ளே குடிபுகும். மூன்று படிகளுக்கு மேல் எடுக்க விடாது. அதுகூடப் போகட்டும். தன்னைக் கணினியின் சொந்தக்காரர் கண்ணுக்கே தெரியாமல் மறைத்துக் கொண்டது. காசு கொடுத்து வாங்கிய குறுவட்டினால் தம் கணினியில் புகுந்த அந்த மென்பொருளை, மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர் அவ்வாண்டு அக்டோபர் 31இல் அம்பலப்படுத்தினார். அகற்ற முயன்றபோது அவருடைய கணினியின் குறுவட்டு இயக்கியே செயலிழந்ததாம். அம்மறைவிடத்தைப் பயன்படுத்தி ஒளிந்துகொள்ளும் தீநிரல்கள் நவம்பரிலேயே வந்துவிட்டன.

அந்நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவரோ, ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதபோது அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வானொலியில் கேட்டார். வகுப்பில் எந்த மாணவனாவது இப்படிச் சாக்குச் சொன்னால் நாம் விடுவோமா? அம்மாதமே குறுவட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 52 தலைப்புகள், உருவாக்கியவை ஏறத்தாழ 47 இலட்சம், அவற்றுள் விற்றவை 21 இலட்சம். வழக்குகள் தொடர்ந்தன. கணினியைப் பழுதுபார்த்த செலவுக்கு 150 டாலர் வரை தர 2007 ஜனவரியில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. களவுப் பதிப்பு வாங்கியவர் கணினிக்கோ, இந்த மென்பொருளால் ஒரு தீங்கும் நேரவில்லை.

2009 ஜனவரியில் ஐடியூன்ஸ் பாடல்களுக்கான பூட்டை நீக்கப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. பூட்டு ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். அதே ஆண்டு ஜூலையில் அமேசான், உரிமை இல்லாதவர் விற்றுவிட்டதாகக் கூறி ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது. ஆனால், பள்ளிப் பாடத்துக்காக ஒரு மாணவர் நூலோடு சேர்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகள், நூலின்றி எதற்கும் உதவாமற் போயின.

அந்த மாணவிக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. அடுத்த நன்னெறிப் பாடம் புதன்கிழமை. டிவிடியைப் பைக்குள் எடுத்து வைத்திருக்கிறேன்.