50 நொடி, 10 நிமிஷம், 60 நொடி: குறும்படத்தோட நீளத்தை முடிவு பண்ணது யாரு?

ஓசூர் சிப்காட்ல வேலை பார்த்துக்கிட்டே குறும்படம் எடுக்கிற நண்பர்கள் எனக்கு நாலஞ்சு பேர் உண்டு. எப்போ பேசினாலும் புலம்பல் ஒண்ணுதான்: "ஒரு நிமிஷத்துக்குள்ள என்ன ப்ரோ சொல்ல முடியும்? முன்னாடியெல்லாம் பத்து நிமிஷம் இருந்துச்சு." அந்த "முன்னாடி"யைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோடு. பத்து நிமிஷம்னு முதல்ல சொன்னது யாரு? அதுக்கும் முன்னாடி என்ன இருந்துச்சு?

தேடிப் பார்த்தா, குறும்படத்தோட நீளத்தை டைரக்டர்கள் முடிவு பண்ண காலம் ரொம்பக் கம்மி. ஃபிலிம் சுருள் முடிவு பண்ணியிருக்கு. சர்வர், மெமரி கார்டு, டிவி ஸ்லாட் எல்லாம் முடிவு பண்ணியிருக்கு. இது ஒரு கடிகாரம். இன்னொரு கடிகாரமும் இருக்கு: படம் எடுக்கிறவரோட வேலை நேரம். இந்த ரெண்டுக்கும் நடுவுல கிடைக்கிற சந்துலதான் 130 வருஷமா குறும்படம் பிழைச்சு வருது. வாட்ச் தயாரிக்கிற ஊர்ல இருந்துகிட்டு கடிகாரத்தைப் பத்திப் பேசறது பொருத்தம்தானே.

ஃபேக்டரி கேட்ல ஆரம்பிச்ச சினிமா

1895. பிரான்ஸ்ல லியோன் நகரம். லூமியேர் சகோதரர்களுக்கு அங்க போட்டோ தட்டு தயாரிக்கிற ஆலை இருந்துச்சு. அந்த ஆலை கேட்டுக்கு எதிர்ல கேமராவை வெச்சு, வேலை முடிஞ்சு வெளிய வர்ற தொழிலாளர்களைப் படம் பிடிச்சாங்க. வர்றவங்கள்ல பாதிக்கு மேல பெண்கள். ஒரு நாய் குறுக்க ஓடும், சைக்கிள்ல ஒருத்தர் போவார். அவ்ளோதான் படம். அந்த வருஷம் டிசம்பர் 28-ம் தேதி பாரிஸ்ல காசு வாங்கிக்கிட்டு நடத்தின முதல் காட்சியில போட்ட பத்துப் படங்கள்ல இதுவும் ஒண்ணு.

ஒவ்வொரு படமும் கிட்டத்தட்ட 50 நொடி. ஏன் 50? அந்தக் கேமராவுக்குள்ள 17 மீட்டர் ஃபிலிம்தான் போகும். நொடிக்கு 16 ஃபிரேம் கணக்குல கையால சுத்தினா, ஒரு நிமிஷம் ஆகறதுக்குள்ள சுருள் தீர்ந்துடும். சுருள் தீர்ந்தா படம் முடிஞ்சுது. கதையெல்லாம் அப்புறம்.

இன்னொண்ணையும் கவனிங்க. பத்துச் சின்னப் படத்தை ஒண்ணு முடிய ஒண்ணு போட்டுக் காட்டினாங்க. இன்னிக்கு நாம கட்டைவிரலால தள்ளித் தள்ளிப் பார்க்கிறதோட ஆதி வடிவம் அது. நம்ம ஊர்லயும் சினிமா இப்படித்தான் பரவுச்சு. 1905-ல திருச்சியில ரயில்வே வரைபடப் பிரிவுல வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட்ங்கிற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊரா காட்டினார். வேலையை விட்டுட்டு சினிமாவுக்குள்ள குதிச்ச முதல் தலைமுறைன்னு அவரைச் சொல்லலாம்.

வார இறுதியில பெங்களூரு

அடுத்து ஆர். நடராஜ முதலியார். சென்னையில மோட்டார் கார், ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம் பண்ணவர். ஃபால்கேவோட படத்தால தூண்டப்பட்டு, கேமரா ஓட்டக் கத்துக்கிட்டு, சென்னை மில்லர்ஸ் ரோட்டுல ஒரு ஸ்டுடியோ போட்டு 'கீசக வதம்' எடுத்தார். 1917-18 காலகட்டம். தென்னிந்தியாவோட முதல் மௌனக் கதைப்படம்னு இதைத்தான் சொல்றாங்க. இது குறும்படம் இல்ல, சுமார் 6,000 அடி நீளமுள்ள முழுப்படம். ஆனா இதை எடுத்த விதம் நம்ம கதைக்கு ரொம்ப முக்கியம்.

அப்போ சென்னையில ஃபிலிம் கழுவ லேப் கிடையாது. பெங்களூரு குளிர்ச்சி ஃபிலிமுக்கு நல்லதுன்னு நம்பி அங்க ஒரு லேப் வெச்சார். வாரம் முழுக்க சென்னையில ஷூட்டிங். வார இறுதியில நெகட்டிவை எடுத்துக்கிட்டு பெங்களூரு போய்க் கழுவணும். திங்கட்கிழமை காலையில திரும்பி வந்து மறுபடி ஷூட்டிங்.

இன்னிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில வேலை பார்த்துட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குப் படம் எடுக்க வர்ற பசங்களுக்கு இந்த டைம்டேபிள் பழக்கப்பட்டதா இருக்கும். திசைதான் மாறியிருக்கு. முதலியார் டெக்னாலஜியைத் தேடி பெங்களூரு போனார். இவங்க நேரத்தைத் தேடி அங்கிருந்து வர்றாங்க.

'கீசக வதம்' படத்தோட எழுத்து அட்டைகள் ஆங்கிலம், தமிழ், இந்தி மூணுலயும் இருந்துச்சு. மௌனப் படத்துக்கு மொழி ஒரு அட்டை மாத்தற விஷயம்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே டீக்கடையில கேக்கிற ஓசூர்ல படம் எடுக்கிறவங்க இதை யோசிச்சுப் பார்க்கலாம். வசனத்தைக் குறைச்சா பார்க்கிற கூட்டம் மூணு மடங்கு.

அந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்து வந்தது?

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். யூட்யூப் 2005-ல வந்துச்சு. 2006 மார்ச்ல, வீடியோ 10 நிமிஷத்தைத் தாண்டக் கூடாதுன்னு பொதுவா ஒரு விதி போட்டாங்க. கலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீளமான வீடியோக்கள்ல பெரும்பாலானது டிவி நிகழ்ச்சி, சினிமான்னு திருட்டுத்தனமா ஏத்தினதா இருந்துச்சு. அதைத் தடுக்கத்தான் இந்த விதி. 2010 ஜூலையில 15 நிமிஷம் ஆச்சு, அப்புறம் அதுவும் தளர்ந்துச்சு.

அதே சமயத்துல கேமரா பக்கமும் ஒரு சுவர். 2008-ல வந்த கேனான் 5டி மார்க் 2 குறும்பட உலகத்தையே புரட்டிப் போட்டுச்சு. கல்யாண போட்டோகிராஃபர்கிட்ட வாடகைக்கு எடுக்கிற கேமராவுல சினிமா மாதிரி பின்னணி மங்கலா வரும்! ஆனா ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்டாது. மெமரி கார்டுல இருந்த ஃபைல் சிஸ்டத்துல, ஃபைல் அளவைக் குறிக்க 32 பிட்தான் ஒதுக்கியிருந்தாங்க, அதுக்கு மேல எண்ணத் தெரியாது. எச்டி-யில அது சுமார் 12 நிமிஷம். அடுத்து வந்த கேமராக்கள்ல 29 நிமிஷம் 59 நொடியில நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. 30 நிமிஷம் ஓடினா ஐரோப்பாவுல அது "வீடியோ கேமரா"ங்கிற வரி வகையில அப்போ விழுந்துடும், அதான் காரணமா இருந்துச்சு. பிரஸ்ஸல்ஸ்ல போட்ட சுங்கவரி, தேன்கனிக்கோட்டையில ஷாட் கட் பண்ணுச்சு.

மூணாவது, டிவி ஸ்லாட். கலைஞர் டிவியில வந்த 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில விளம்பர இடைவெளிக்கு நடுவுல சில படங்களைப் போட்டு, நடுவர்கள் கருத்தும் சொல்லணும். அதனால ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம் போலதான் இருக்க முடிஞ்சுது. ஆக, நம்ம நண்பர்கள் ஏங்கற அந்த "பத்து நிமிஷம்", ஒரு திருட்டுத் தடுப்பு விதியும் ஒரு மெமரி கார்டும் ஒரு டிவி ஸ்லாட்டும் ஒரே இடத்துல வந்து முட்டினது.

ஆனா அந்த எல்லைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பெங்களூருல சாஃப்ட்வேர் இன்ஜினியரா இருந்த கார்த்திக் சுப்புராஜ் குறும்படம் எடுக்க ஆரம்பிச்சு, 'நாளைய இயக்குநர்' வழியா 2012-ல 'பீட்சா'வுக்கு வந்தார். நலன் குமாரசாமி அதே மேடையில இருந்து 'சூது கவ்வும்' வரைக்கும் போனார். பாலாஜி மோகனோட 'காதலில் சொதப்புவது எப்படி' யூட்யூப்ல பரவி, 2012-ல அதே பேர்ல முழுப்படம் ஆச்சு. 'நேரம்', 'முண்டாசுப்பட்டி', 'பண்ணையாரும் பத்மினியும்' எல்லாம் முதல்ல குறும்படங்கள். 2015-ல குறும்படங்களைத் தொகுத்து 'பென்ச் டாக்கீஸ்'னு தியேட்டர்லயே ரிலீஸ் பண்ணாங்க.

இந்த வெற்றிக்கு ஒரு பக்கவிளைவும் இருந்துச்சு. குறும்படம்னா தயாரிப்பாளர்கிட்ட காட்டற விசிட்டிங் கார்டுங்கிற எண்ணம் ஊறிப்போச்சு. ஓசூர்ல இருந்து எடுக்கிறவரும் கோடம்பாக்கத்துல ஒருத்தர் பார்ப்பார்னு நினைச்சு எடுத்தா, படத்துல எந்த ஊரும் இருக்காது. ஒரு ரூம், ஒரு லவ், ஒரு ட்விஸ்ட். எங்க வேணா நடக்கலாம்.

ஷிஃப்ட் கணக்கு

எங்க பகுதிக்கு வருவோம். 1970-கள்ல சிப்காட் வந்தது. 1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வெளிய வந்துச்சு, அசோக் லேலண்ட் ஆலையும் அந்த வருஷம்தான். 1984-ல டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கின டைட்டன், ஓசூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்சுது. 2004-ல தருமபுரியில இருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு. இப்போ போச்சம்பள்ளி பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர், ஓசூரைச் சுத்தி எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள். அதுல வேலை பார்க்கிறவங்கள்ல பெரும்பாலும் இளம்பெண்கள்.

இங்க குறும்படம் எடுக்கிறதுல முதல் பிரச்சினை பட்ஜெட்டோ கேமராவோ இல்ல. கணக்கு போட்டுப் பாருங்க. நடிகர் ஏ ஷிஃப்ட்: காலையில 6 மணிக்கு உள்ள போய் மதியம் 2 மணிக்கு வெளிய வருவார். கேமரா பண்றவர் சி ஷிஃப்ட்: ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும். அவர் தூங்கி எழவே மதியம் ஒண்ணு, ரெண்டு ஆகிடும். ரெண்டு பேருக்கும் பொதுவா, வெளிச்சத்தோட இருக்கிறது 3-ல இருந்து 6. அடுத்த வாரம் நடிகர் பி ஷிஃப்டுக்கு மாறிட்டா அதுவும் போச்சு. கதையில ரெண்டு நாள் நடக்கிற காட்சியை ரெண்டு மாசமா எடுக்க வேண்டி வரும். நடுவுல ஒருத்தர் முடி வெட்டிக்கிட்டு வந்து நிப்பார்.

இதுக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து, படத்தைச் சின்னதாக்கறதுதான். ஒரே இடம், ரெண்டு பேர், மூணு மணி நேர வெளிச்சம். அதனால மிகச் சின்னப் படம்ங்கிறது இன்ஸ்டாகிராம் வந்து நம்ம மேல திணிச்சதுன்னு மட்டும் சொல்லிட முடியாது. ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஊருக்கு அது இயல்பாவே பொருந்துது.

விதி போச்சு, பழக்கம் நிக்குது

2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலையை உடைச்சது. கொஞ்ச நாள்ல டிக்டாக். 15 நொடி, 60 நொடின்னு மடமடன்னு மக்கள் எடுத்துத் தள்ளினாங்க. 2020 ஜூன் 29 அன்னிக்கு அரசாங்கம் 59 செயலிகளைத் தடை பண்ணுச்சு, டிக்டாக்கும் அதுல ஒண்ணு. ஜூலை 8-ல இங்க ரீல்ஸ், செப்டம்பர் 14-ல யூட்யூப் ஷார்ட்ஸ் வந்துச்சு. ஷார்ட்ஸ் முதல்ல 15 நொடி, பிறகு 60. 2024 அக்டோபர் 15-ல இருந்து 3 நிமிஷம் வரைக்கும் போடலாம்.

அதாவது "ஒரு நிமிஷத்துக்குள்ள என்ன சொல்றது"ங்கிற புலம்பலுக்கு இப்போ விதி காரணம் இல்ல. முன்னாடி சுருள் தீர்ந்துச்சு, கார்டு நிறைஞ்சுது. இப்போ எதுவும் தீரல. எந்த நொடியில எத்தனை பேர் தள்ளிட்டுப் போனாங்கன்னு ஒரு கிராஃப் காட்டுது, நாம அதைப் பார்த்து வெட்டிக்கிறோம். சுருளுக்கு உங்க படம் புடிச்சிருக்கா இல்லையாங்கிற கருத்து கிடையாது. கிராஃபுக்கு உண்டு. முதல் மூணு நொடியில அதிர்ச்சி வேணும்னு அது கேக்கும். லூமியேர் படத்தை இன்னிக்கு ஏத்தினா, கேட் திறக்கிறதுக்குள்ள பாதிப் பேர் போயிருப்பாங்க.

இதுக்காக ரீல்ஸே போடாதீங்கன்னு நான் சொல்லல. கிராஃபுக்கு ஒண்ணு வெட்டுங்க, உங்களுக்கு ஒண்ணு வெச்சுக்கோங்க.

மிச்சம் இருக்கறது எது?

'கீசக வதம்' படத்தோட ஒரு பிரதிகூட இன்னிக்கு இல்ல. அத்தனை வார இறுதிப் பயணமும் போச்சு. லூமியேரோட 50 நொடி இருக்கு, மூணு பதிப்பா இருக்கு. 1995-ல ஹாருன் ஃபரோக்கிங்கிற ஜெர்மன் இயக்குநர் அந்தப் படத்துல ஆரம்பிச்சு, நூறு வருஷ சினிமாவுல தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளிய வர்ற காட்சிகளைத் தொகுத்து ஒரு படமே பண்ணார். சினிமா எப்பவும் கேட்டுக்கு வெளியவே நின்னுடுது, வேலையை விட்டு வந்த பிறகுதான் மனுஷனோட கதையைத் தொடங்குதுங்கிறது அவரோட கவனிப்பு. அதையெல்லாம் பேச முடிஞ்சதே, ஒருத்தர் அந்தச் சுருளைப் பத்திரமா வெச்சதாலதான்.

டிக்டாக் போன ராத்திரி, இந்த மாவட்டத்துப் பசங்க மூணு வருஷமா எடுத்தது எவ்வளவோ, கைல காப்பி வெச்சுக்காதவங்களுக்கு எல்லாம் போச்சு. ஆப்ல இருக்கறது சுருக்கின காப்பி. ஒரிஜினல் ஃபைலை ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வைங்க. கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: எங்க எடுத்தது, என்னிக்கு, யார் யார் வேலை பார்த்தாங்க. பத்து நிமிஷ வேலைதான்.

கடைசியா ஒரு யோசனை. லூமியேர் விதியிலயே ஒரு படம் எடுங்க: 50 நொடி, அசையாத கேமரா, வெட்டு கிடையாது. மதியம் 2 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது கம்பெனி பஸ் வந்து நிக்கிற நிறுத்தம், ஜூன் மாசம் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு வெளிய வரிசையில நிக்கிற மாம்பழ லாரி, அத்திப்பள்ளி எல்லையில ஒரு திங்கட்கிழமை காலை. பொது ரோட்டுல நின்னு எடுங்க, முகம் தெரியறவங்ககிட்ட முதல்ல கேட்டுடுங்க. மூணு பேர் லீவு ஒத்துப்போகணும்னு காத்திருக்க வேண்டாம், ஒரு ஷிஃப்ட் இடைவெளி போதும். இந்த ஊர் இப்போ எப்படி வேலைக்குப் போச்சு, எப்படித் திரும்பி வந்துச்சுன்னு பின்னாடி ஒருத்தர் பார்க்கணும்னா, அதை எடுத்து வைக்கிற இடத்துல நாமதான் இருக்கோம்.

எடுத்தீங்கன்னா எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.