விழுந்தாலும் வெடிக்காத துப்பாக்கி

1876 ஜனவரி 9. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம், விசிட்டா நகரில் ஒரு மதுக்கடையின் பின்னறை. காவல் பணியிலிருந்த வயட் ஏர்ப் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது இடுப்பு உறையிலிருந்து ரிவால்வர் நழுவியது. அதன் சுத்தியல் நாற்காலியில் மோத, தோட்டா அவர் கோட்டைத் துளைத்துச் சுவரில் பட்டுத் தெறித்துக் கூரை வழியே வெளியேறியது. அறையிலிருந்தவர்கள் அடித்துப் பிடித்து ஓடினார்கள். யாரும் சாகவில்லை என்பதால் உள்ளூர்ப் பத்திரிகை இதை வேடிக்கைச் செய்தியாகவே எழுதியது.

ட்ரிகரை யாரும் தொடவில்லை. பிறகு எப்படி வெடித்தது? அந்தக் கால ரிவால்வர்களின் அமைப்பே அப்படி. 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரில் தோட்டாவைக் குத்தும் ஊசி சுத்தியலோடு சேர்ந்தே இருக்கும். சுத்தியல் படிந்திருக்கும்போது ஊசியின் முனை தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுத்தியலைச் சற்றே பின்தள்ளி நிறுத்த ஒரு பள்ளம் உண்டு. ஆனால் அதன் விளிம்பு மெல்லியது. துப்பாக்கி கீழே விழுந்தால் உடைந்துவிடக்கூடும்.

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டுமே நிரப்பினார்கள். ஒன்று போட்டு, அடுத்ததை விட்டு, பிறகு நான்கு போட்டால், சுத்தியலை இழுத்து மெல்லப் படியவைக்கும்போது காலி அறை அதன் அடியில் வந்து நிற்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் உயிர் போகும் விஷயத்தைப் பழக்கத்திடம் ஒப்படைப்பது எனக்கு ஏற்பில்லை. களைத்தவன் மறப்பான், புதியவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பழக்கத்தின் வேலையை இரும்பிடம் கொடுத்தவர் ஆண்ட்ரூ ஃபைர்பெர்க். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஐவர் ஜான்சன் நிறுவனத்துக்காக 1890-களில் அவர் வடிவமைத்த அமைப்பில் ஊசி சுத்தியலை விட்டுப் பிரிந்து துப்பாக்கியின் உடலுக்குள் போயிற்று. படிந்த சுத்தியல் உடலின் மேல்தான் உட்காரும், ஊசியைத் தொடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. ட்ரிகரை முழுக்க இழுத்தால் மட்டும் ஒரு சிறு எஃகுப் பட்டை மேலெழும்பி அந்த இடைவெளியில் நிற்கும். சுத்தியலின் அடியை வாங்கி ஊசிக்குக் கடத்தும். விரலை விட்டால் பட்டை இறங்கிவிடும். அதுதான் டிரான்ஸ்ஃபர் பார். ஆபத்தை மறிக்கத் தடுப்பு ஒன்றை வைக்காமல், வெடிப்பதற்குத் தேவையான இணைப்பையே எடுத்துவிட்டதில் இருக்கிறது அவருடைய அறிவு.

‘சுத்தியலைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள்’ என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. அதில் பொய்யில்லை. ஆனால் 1904-இல் வந்த இன்னொரு விளம்பரம் என்னைப் பதறவைக்கிறது. படுக்கையில் ஒரு சிறுமி, கையில் ரிவால்வர், அது தன்னை ஒன்றும் செய்யாதென்று அப்பா சொன்னார் என்கிறாள். சுத்தியல் அடிக்குத் தப்பும் அந்தக் கருவி, குழந்தையின் விரலுக்குத் தப்பாது. ட்ரிகரை இழுப்பது யார் என்று பட்டைக்குத் தெரியாது. அந்தப் படத்தை வரைந்தவர்களும் அச்சிட்டவர்களும் தங்கள் பொருளையே புரிந்துகொள்ளவில்லை.

மற்ற நிறுவனங்கள் வேறு வழிகளில் போயின. ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களில் சுத்தியலை மறிக்கும் தடுப்பு ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்து அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். அதன் பிறகுதான் நிறுவனம் தடுப்பை உறுதியாகத் திருத்தியமைத்தது.

ஆச்சரியம் என்னவென்றால், 1950-களில் கௌபாய் பாணி ரிவால்வர்களை மீண்டும் பிரபலமாக்கிய ரூகர் நிறுவனம், சுத்தியல் விஷயத்தில் பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொண்டது. விபத்துகள் நடந்தன, வழக்குகள் வந்தன. கையிலிருந்து நழுவி வெடித்த ஒரு ரூகர் ரிவால்வர் பற்றிய வழக்கு அலாஸ்கா உச்ச நீதிமன்றம் வரை போய் 1979-இல் தீர்ப்பானது. அதற்குள், 1973-இலேயே, நிறுவனம் தன் புதிய மாடல்களில் டிரான்ஸ்ஃபர் பாரைச் சேர்த்துவிட்டது. ஆறு அறைகளையும் நிரப்பிய ரிவால்வர் கீழே விழுந்தாலும் இனி வெடிக்காது என்ற நிலை வந்தது.

விரல் மட்டும் மிச்சம். அதற்கு எந்த எஃகும் உதவாது. இலக்கில் குறி பதியும்வரை ட்ரிகரில் விரல் வைக்காதே என்று அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி நடத்திய ஜெஃப் கூப்பர் வகுத்த விதிதான் உண்டு.

1973-க்கு முந்தைய ரிவால்வர்களை அனுப்பிவைத்தால் ரூகர் இலவசமாகவே மாற்றித் தருகிறது. கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பிக் கொடுக்கிறது. ஆனாலும் பலர் அனுப்புவதில்லை. மாற்றம் செய்யாத துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்களிடம் விலை அதிகம். அதனால் அவை பழைய சுத்தியலோடேயே கைமாறுகின்றன. ஐந்து தோட்டாக் கணக்கைக் கேள்விப்பட்டிராத பேரப்பிள்ளைகளிடமும் போய்ச் சேர்கின்றன.