பறக்கும் ரயில்: கால்வாய் வகுத்த வழி

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிக்குப் பெரும்பாலும் பாலத்தின் மேல் ஓடும் ரயிலைப் பறக்கும் ரயில் என்பது ஊர் வழக்கு. இன்று ஒற்றைக் கோடாகத் தெரியும் இந்தப் பாதை, திட்டத்தில் நகரைச் சுற்றிவரும் வளையமாக இருந்தது.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்ரயில் ஓடியது. அதைத் தாண்டி என்ன தேவை என்ற கேள்வி 1965-இல் எழுந்தது. பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் போக்குவரத்தை ஆராயத் திட்டக் குழு அப்போது ஒரு குழுவை அமைத்தது. சென்னைக்கென ரயில்வேயின் மாநகரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகம் 1971-இல் வந்தது. வளையத்தின் நீளம் சுமார் 59 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். கல்கத்தா சுரங்கம் தோண்டி 1984-இல் மெட்ரோ ரயிலை ஓட்டியே விட்டது. சென்னையில் கடற்கரை–லஸ் (மயிலாப்பூர்) என்ற முதல் துண்டுக்கு ஒப்புதல் கிடைத்ததே 1983–84-இல்தான். மதிப்பீடு சுமார் 53 கோடி ரூபாய். முடியும்போது ஆன செலவு ஏறத்தாழ ஐந்து மடங்கு.

பாதை எங்கே போவது என்பதை முடிவு செய்ததில் பயணிகளின் எண்ணிக்கையைவிட நிலத்தின் கைதான் ஓங்கியிருந்தது. கூட்டம் மிகுந்த சாலைகளின் இருபுறமும் கட்டடங்கள். அவற்றைக் கையகப்படுத்தப் பணமும் காலமும் வேண்டும். பக்கிங்காம் கால்வாயோ அரசுக்குச் சொந்தம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் துண்டு, 1877–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்று கூலியாட்கள் தோண்டிய கால்வாயிலேயே, நூறாண்டுக்குப் பின் பாலத்தின் தூண்கள் இறங்கின. கால்வாய் ஒடுங்கியது; வடிகாலாக அது செய்துவந்த வேலையும் குறைந்தது. நில வசதி பார்த்த திட்டம் நீர்வழியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சேப்பாக்கம் வரை 1995-இலும் மயிலாப்பூர் வரை 1997-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. பிரம்மாண்டமான நிலையங்களில் ஆள் நடமாட்டம் குறைவு. வாசலிலேயே பேருந்து நின்றால் படியேற யாருக்கு மனம் வரும்? செலவில் மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசு ஏற்க, 2007 நவம்பரில் வேளச்சேரி வரை பாதை நீண்டது. அதற்குள் வழியிலுள்ள தரமணிப் பக்கம் மென்பொருள் நிறுவனங்கள் பெருகியிருந்தன. எழுபதுகளில் வளையம் வரைந்தவர்கள் எண்ணியிராத கூட்டம் அது.

வேளச்சேரியிலிருந்து, தாம்பரம் மின்ரயில் பாதையிலுள்ள பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர். பறக்கும் ரயிலை அதுவரை நீட்டும் வேலை 2008-இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்காக, பத்தாண்டுக்கும் மேல் தூண்கள் பாதியில் நின்றன. இந்த இடைவெளியின் விலையை, அந்த ஆண்டுகளில் தரமணிக்கு வந்த கள்ளக்குறிச்சிக்காரரின் பயணத்தில் பார்க்கலாம். அவ்வூர் 2019-இல் மாவட்டத் தலைநகரானபோதும் அங்கே ரயில் நிலையம் இருக்கவில்லை. ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளியுள்ள சின்னசேலத்தில்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. எழும்பூருக்குச் செல்லும் அந்த ரயிலில் தாம்பரத்தில் இறங்கினால், பரங்கிமலை மின்ரயிலில் சில நிலையங்கள்தான். அங்கிருந்து தரமணிக்கு ரயில் இல்லாததால் ஒன்று பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது, அல்லது எழும்பூரைக் கடந்து பூங்கா நிலையம் போய், அருகிலுள்ள பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறித் தெற்கே திரும்பி வர வேண்டியிருந்தது.

வேளச்சேரிக்கு ரயில் வந்த அதே 2007-இல் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் பதிவானது. கால்வாய்க் கரையைத் தேடாமல், கூட்டம் நிறைந்த அண்ணா சாலைக்கு அடியிலேயே அது சுரங்கம் தோண்டியது.