திரைப்பாடல்களும் பதிப்புரிமைச் சட்டமும்

ஒரு திரைப்பாடலில் பல படைப்புகள் அடங்கியுள்ளன. பாடல் வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. பாடிப் பதிவு செய்தபின் கிடைப்பது ஒலிப்பதிவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதிப்புரிமை உண்டு. அந்த உரிமையின் பயன் யாரைச் சேர வேண்டும் என்ற கேள்வி இந்தியாவில் நீண்ட காலம் நீடித்தது.

1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1958 சனவரி 21 அன்று நடைமுறைக்கு வந்தது. படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது அதன் பொதுவிதி. ஆனால் பிறர் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் செய்தாலோ, பணி ஒப்பந்தத்தின் கீழ் ஒரு படைப்பு உருவானாலோ, வேறு உடன்பாடு இல்லாத நிலையில் உரிமை அவர்களுக்கே என்று பிரிவு 17 கூறியது.

1977 தீர்ப்பு

இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் கட்டணம் பெறுவதற்காக 1969இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. அது அறிவித்த கட்டணங்களைத் திரைப்படத் துறையினர் எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பணம் கொடுத்துப் பாடலை உருவாக்கச் செய்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டத்தில் உரிமை இல்லாததைத் தனியே சுட்டிக்காட்டினார். நிகழ்த்துவோர் உரிமை 1994 திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டது.

தயாரிப்பாளர் பாடல் உரிமையை இசை நிறுவனத்துக்கு விற்பது வழக்கமாயிற்று. வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி அழைப்பொலி எனப் பாடலின் வருவாய் பெருகியபோதும், படைத்தவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் தொடக்கத்தில் பெற்ற ஊதியம் மட்டுமே. வாய்ப்புத் தேடும் புதியவர், நீட்டப்பட்ட ஒப்பந்தத்தில் பேரம் பேசும் நிலையில் இல்லை.

2012 திருத்தம்

பாடலாசிரியரும் மாநிலங்களவையின் நியமன உறுப்பினருமான ஜாவேத் அக்தர் இக்குறையை நீக்க வாதாடினார். 2012 மே மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய திருத்தம் சூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, திரையரங்கில் படத்துடன் காட்டப்படுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கைச் சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க இயலாது. அவ்வாறு எழுதிய ஒப்பந்தம் செல்லாது. பாடகர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறும் உரிமை வழங்கப்பட்டது.

முந்தைய சட்டம் ஒப்பந்தத்தை நம்பியது. புதிய விதியோ, ஒப்பந்தத்தால் பறிக்க முடியாத ஒரு பங்கைப் படைப்பாளியிடம் விட்டுவைத்தது. இதுவே திருத்தத்தின் முதன்மையான மாற்றம்.

பின்னர்

ஒலிப்பதிவுக்குக் கட்டணம் செலுத்தியபின் படைப்பாளிக்குத் தனியே செலுத்த வேண்டியதில்லை என்று வானொலி நிறுவனங்கள் வாதிட்டன. பாடல் ஒலிபரப்பாகும்போது அதன் வரிகளும் இசையும் பயன்படுத்தப்படுவதால் அவற்றுக்கும் ராயல்டி உண்டு என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் கூறியது. பழைய திரைப்பாடல்களின் உரிமை குறித்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழுந்துள்ளன. அவற்றில் பழைய ஒப்பந்தங்களின் சொற்கள் இன்றும் முக்கியச் சான்றாக ஆராயப்படுகின்றன.