சொல்லும் துடிப்பும் பிட்டும்

செய்தி செல்லும் வேகத்தை முதலில் சொல்லால் அளந்தனர். நிமிடத்திற்கு இத்தனை சொல் என்பதே தந்திக் கால வழக்கு. 1858ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் அட்லாந்திக் கடலடிக் கம்பி வழியே அமெரிக்கத் தலைவருக்கு விடுத்த வாழ்த்து ஏறத்தாழ நூறு சொற்களே. அது சென்று சேரப் பதினாறு மணி நேரமாயிற்று! சென்னையிலிருந்து பினாங்கிற்குக் கம்பி எட்டிய 1871ஆம் ஆண்டளவில் இத்தொழில் பெரிதும் திருந்தியிருந்தது. அப்பத்தாண்டிலேயே நம் பேராக்கில் தைப்பிங்கிற்கும் கோலகங்சாருக்கும் இடையே தந்தி ஓடிற்று.

ஆயினும், சொல் நல்ல அளவையன்று. ‘தீ’ என்பதும் ஒரு சொல்; ‘கடற்கரையோரத்திலிருந்து’ என்பதும் ஒரு சொல். ஐந்தெழுத்து ஒரு சொல் என வரையறுத்தும் குறை தீரவில்லை. மோர்சு முறையில் ஆங்கில ‘ஈ’ எழுத்துக்கு ஒரே புள்ளி. ‘கியூ’வுக்கோ மூன்று கோடும் ஒரு புள்ளியும் வேண்டும். பிரெஞ்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ என்பார் 1870களில் எல்லா எழுத்துக்கும் ஒத்த நீளமுடைய ஐந்து துடிப்புகளை வகுத்தார். எழுத்துகள் சமமானபின் துடிப்பையே எண்ணலாமன்றோ? நொடிக்கு ஒரு துடிப்பு என்னும் அலகு பின்னர் அவர் பெயரால் ‘போட்’ எனப்பட்டது.

1948இல் கிளாடு சானன் ‘பிட்’ என்னும் அலகைத் தம் கட்டுரையில் ஆண்டார்; பெயர் ஜான் டூக்கி தந்தது. ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிவிப்பது ஒரு பிட். துடிப்பு வேறு, பிட் வேறு. 2,400 துடிப்பில் 9,600 பிட் அனுப்பிய தொலைபேசி மோடங்கள் இருந்தன. ‘பைட்’ என்னும் சொல்லை 1956இல் வெர்னர் புக்கோல்சு படைத்தார். நாளடைவில் எட்டுப் பிட் ஒரு பைட் என நிலைத்தது. எட்டுப் படி ஒரு மரக்கால் என்று வாய்ப்பாடு ஒப்பித்த நமக்கு இது புதிதன்று.

இடர்ப்பாடு எழுத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் சிறிய ‘பி’ பிட்டையும் பெரிய ‘பி’ பைட்டையும் குறிக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடில்லை, ‘எம்.பி.’ என்றெழுதினால் படியோ மரக்காலோ யாரறிவார்? மெகாபிட், மெகாபைட் என முழுமையாய் எழுதுவதே முறை.

1992இல் நம் நாட்டின் ஜாரிங் வலையத்தை வெளிநாட்டோடு இணைத்த தொடர்பின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட், அதாவது 8 கிலோபைட். ஒரு மெகாபைட் படம் வர இரண்டு நிமிடத்திற்கு மேலாகும். இன்று 100 மெகாபிட்டுக்குப் பணங்கட்டிய தோட்டத்து வீட்டார், கணினித் திரையில் நொடிக்கு 12 மெகாபைட் என்று கண்டு ஏமாந்தோம் என்பர். எட்டால் பெருக்கிப் பார்த்தால் 96, குறையேதுமில்லை. நாள்தோறும் 3 மெகாபைட்டே வருமாயின், அது 24 மெகாபிட். அப்பொழுது கணக்கோடு முறையிடலாம்.