பார்சல் எங்கே நிற்கிறது? காத்திருப்பின் ஒரு சிறு வரலாறு

ஒன்லைனில் ஒரு சாமான் ஓடர் பண்ணினால் காசு அந்த நிமிசமே போய்விடும். சாமான் வர மூன்று கிழமையும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். ட்ராக்கிங் நம்பரை ஒரு நாளைக்கு நாலு தரம் அடித்துப் பார்ப்பது எங்கள் வயதுக்காரருக்குப் பழகிப்போன வேலை. பிந்தினால் முதலில் ஏச்சு வாங்குகிறவர் தபால்காரர். பாவம், அவர்தானே கண்ணுக்குத் தெரிகிறார். ஆனால் அந்தப் பார்சல் உண்மையில் யாருடைய கையில் கிடந்தது என்று தேடிப்போனால், ஏறக்குறைய நூற்றைம்பது வருச வரலாறு ஒன்று வெளியில் வருகிறது.

முதலில் காத்திருப்பை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்வோம். காசு கட்டியதிலிருந்து விற்பவர் சாமானைப் பொதிசெய்து தபாலில் போடும் வரையான காலம் ஒன்று. ஈபே போன்ற தளங்களில் 'ஹாண்ட்லிங் டைம்' என்று போட்டிருப்பது இதைத்தான். வழியில் போகிற காலம் இரண்டாவது. நாட்டுக்குள் வந்தபிறகு தரம்பிரிப்பிலும் சுங்கத்திலும் கிடக்கிற காலம் மூன்றாவது. மூன்றும் பிந்துவதற்குக் காரணங்கள் வேறு வேறு.

ரெயில் வந்தது, பார்சல் வரவில்லை

தபாலில் வியாபாரம் செய்யும் யோசனை இணையத்தோடு வந்ததல்ல. வேல்ஸில் நியூடவுன் என்ற சின்ன ஊரில் துணிக்கடை வைத்திருந்த பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ், 1861 அளவில் கம்பளித் துணிகளைத் தபால் ஓடரில் விற்கத் தொடங்கினார். ஊருக்கு ரெயில் பாதை வந்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது. அமெரிக்காவில் 1872இல் ஆரன் மொன்ட்கொமரி வோர்ட் சிக்காகோவிலிருந்து ஒற்றைத் தாளில் 163 பொருட்களின் விலைப்பட்டியலை அனுப்பினார். வாங்கியவர்கள் கிராமத்து விவசாயிகள். ஊர்க்கடையில் ஒரே கடைக்காரர், அவர் சொன்னதுதான் விலை. பட்டியல் அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. முகம் தெரியாத ஆளுக்குக் காசு அனுப்பப் பயப்படுவார்கள் என்று தெரிந்த வோர்ட், 1875இல் திருப்தி இல்லாவிட்டால் பணம் திரும்பத் தரப்படும் என்ற உறுதியையும் சேர்த்தார்.

ஆனால் ஒரு பெரிய தடை இருந்தது. அமெரிக்கத் தபாலில் 4 இறாத்தலுக்கு மேற்பட்ட பொதி அனுப்ப ஏலாது. பாரமான சாமானைத் தனியார் எக்ஸ்பிரஸ் கொம்பனிகள்தான் கொண்டுபோகும். அவையும் ரெயில் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து வண்டி கட்டிக்கொண்டு போய் எடுப்பது வாங்குகிறவரின் பாடு. 1896இல் கிராமத்து வீடுகளுக்கு இலவசத் தபால் விநியோகம் தொடங்கியும் கடிதம்தான் வாசலுக்கு வந்தது, பெட்டி வரவில்லை. பிரித்தானியாவில் 1883இலேயே பார்சல் தபால் வந்துவிட்டது. அமெரிக்காவில் அது வர 1913 ஜனவரி 1 வரை ஆனது. நடுவில் போன முப்பது வருசத்துக்கும் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. ரெயில் இருந்தது, ஊழியர் இருந்தார்கள், பாதையும் இருந்தது. எக்ஸ்பிரஸ் கொம்பனிகளும், வியாபாரம் போய்விடும் என்று பயந்த ஊர்க் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள், அவ்வளவுதான். சட்டம் வந்தபிறகு முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 30 கோடி பார்சல்கள் போயின.

இந்த இடத்தில் இன்னொரு விசயத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்கள் கடைக்குப் போனால் வெள்ளையர் எல்லாரும் வாங்கி முடியும் வரை நிற்க வேண்டும். நிலச்சொந்தக்காரரின் கடையிலேயே கடன்பட்டுக் கிடந்த குடும்பங்களும் நிறைய. அவர்களுக்குத் தபால் ஓடர் என்பது பிந்தி வந்தாலும் மரியாதையோடு வந்த சாமான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பட்டியலுக்கு ஆளின் தோல் தெரியாது. ஆக, எல்லாக் காத்திருப்பையும் ஒரே தராசில் போட முடியாது.

பதினைந்து நிமிசக் கணக்கு

வழி திறந்தாலும் விற்பவரின் கையில் கிடக்கிற காலம் தனிப் பிரச்சினை. சியர்ஸ் றோபக் கொம்பனிக்கு 1900களின் தொடக்கத்தில் ஓடர்கள் மலைபோலக் குவிந்தன. பார்சல்கள் பிந்தின, மாறிப் போயின, ஒரே ஆளுக்கு இரண்டு தரமும் போயின. 1906இல் சிக்காகோவில் 30 இலட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். உள்ளே நகரும் பட்டிகள், சரிவுக் குழாய்கள், காற்றழுத்தத்தில் தாள் அனுப்பும் குழாய்கள் எல்லாம் இருந்தன.

ஆனால் காரியத்தை முடித்தது இயந்திரம் மட்டுமில்லை. ஒட்டோ டோரிங் என்ற மேலாளர் கொண்டுவந்த நேர அட்டவணைதான் முக்கியம். ஒவ்வொரு ஓடருக்கும் 15 நிமிச இடைவெளி ஒன்று ஒதுக்கப்பட்டது. ஒருவர் சட்டை, சுத்தியல், கடிகாரம் மூன்றும் கேட்டிருந்தால் மூன்று பிரிவுகளும் அந்த 15 நிமிசத்துக்குள் பொதி கட்டும் இடத்துக்குத் தங்கள் சாமானைச் சேர்க்க வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றது காத்திராது, போய்விடும். பிந்திய சாமானைத் தனியாக அனுப்பும் செலவும் தண்டமும் அந்தப் பிரிவின் கணக்கில் விழும். அதுவரை பிந்துவதன் விலையை வாங்குகிறவர் கொடுத்தார். இப்போது அது பிந்தவைத்தவரின் தலையில் ஏறியது. ஒரு நாளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஓடர்களை அனுப்புகிற அளவுக்கு அந்த இடம் வளர்ந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 15 நிமிசம் யாருடைய உடம்பில் ஓடியது? பட்டிக்குப் பக்கத்தில் நின்ற வேலையாட்களின் உடம்பில்தான். அமேசன் 2005இல் இரண்டு நாள் விநியோகத்தை ஆண்டுச் சந்தாவாக விற்கத் தொடங்கியபோது அதே கணக்கு இன்னும் இறுகியது. களஞ்சிய வேலையாட்களுக்கு எத்தனை பொதி இலக்கு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா 2021இல் சட்டமே போட வேண்டி வந்தது.

சின்ன விற்பனையாளர்களோ அப்போது தங்கள் வசதிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1975இல் ஒரு விதி கொண்டுவந்தது. சொன்ன காலத்துக்குள் அனுப்ப வேண்டும். காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் வாங்குகிறவருக்கு அறிவித்து, ஓடரை ரத்துசெய்து காசைத் திரும்பப் பெறும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். 'எப்போது வந்து சேரும்' என்பதை இந்த விதி பிடிக்கவில்லை, 'எப்போது அனுப்பினாய்' என்பதைப் பிடித்தது. விற்பவரின் கையில் இருப்பது அதுதானே.

ஏன் இவ்வளவு மலிவு, ஏன் இவ்வளவு மெதுவு

நாடு தாண்டும் பார்சலின் கதை 1874இல் பேர்ன் நகரில் தொடங்குகிறது. 22 நாடுகள் சேர்ந்து பின்னாளில் உலக தபால் ஒன்றியம் எனப்பட்ட அமைப்பை உருவாக்கின. 1877இல் இலங்கையும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. அப்போதைய யோசனை எளிமையானது: முத்திரைக் காசை அனுப்புகிற நாடே வைத்துக்கொள்ளும், பெறுகிற நாடு சும்மா கொண்டுபோய்க் கொடுக்கும். ஒரு கடிதத்துக்கு ஒரு பதில் வரும், கணக்குச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் சில நாடுகள் நிறைய அனுப்பின, சில நாடுகள் நிறையப் பெற்றன. அதனால் 1969இல் டோக்கியோ மாநாடு, பெறுகிற நாட்டுக்கு ஒரு கட்டணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. வளர்ந்துவரும் நாடுகளுக்குக் குறைந்த வீதம் என்பது பின்னாளில் வந்தது.

அந்தக் குறைந்த வீதத்தில்தான் சீனாவிலிருந்து 2 கிலோவுக்கு உட்பட்ட சின்னப் பொதிகள் உலகமெல்லாம் பறந்தன. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்புவது அமெரிக்காவுக்குள்ளேயே அனுப்புவதைவிட மலிவு என்ற நிலை வந்தது. 2018 ஒக்டோபரில் அமெரிக்கா ஒன்றியத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்தது. 2019 செப்டெம்பரில் ஜெனீவாவில் சமரசம் ஏற்பட்டு, நிறையப் பொதி பெறுகிற நாடுகள் 2020 ஜூலையிலிருந்து தங்கள் வீதத்தைத் தாங்களே அறிவிக்கலாம் என்றானது.

'ப்ரீ ஷிப்பிங்' என்று நாங்கள் சந்தோசப்பட்ட மலிவின் பின்னால் இருந்தது இந்தக் கணக்கும்தான். மலிவான பொதிக்கு முன்னுரிமை கிடையாது. எக்ஸ்பிரஸ் பொதிகள் ஏறியபிறகு மிச்ச இடத்தில்தான் அது ஏறும். காசு மிச்சம் பிடித்தோம், நாட்களால் கட்டினோம்.

எங்கள் பக்கத்துக் கதை

காசு முதலா, சாமான் முதலா என்ற கேள்விக்கு எங்கள் பிராந்தியம் நேரத்தோடே ஒரு பதில் கண்டது. இந்தியத் தபால் திணைக்களம் 1877இல் வி.பி.பி. முறையைத் தொடங்கியது. தபால்காரர் பொதியைக் கொடுத்து விலையை வாங்குவார், தபால் அந்தக் காசை விற்பவருக்கு அனுப்பும். பழைய தமிழ் இதழ்களின் விளம்பரங்களில் 'வி.பி.பி. மூலம்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுவது இதனால்தான். இன்று முகநூல் கடைகள் சொல்கிற 'கேஷ் ஒன் டெலிவரி' அதன் பேரப்பிள்ளை.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு ரெயில் என்று போட் மெயில் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது.

பிறகு நாட்டுக்குள்ளேயே வழி அறுந்தது. 1990இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது நின்றது. மறுபடி வந்தது 2014இல். ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, 2009இல் மீண்டும் திறந்தது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அந்தத் தூரம் ஒரு அடிகூட மாறவில்லை. ஆனால் ஒரு பற்றரி வந்துசேர எடுக்கும் காலம், அது வருமா வராதா என்பதே, சோதனைச் சாவடியில் தீர்மானமானது. பிந்துவது வெறும் தூரத்தின் விளைவு என்று எங்கள் தலைமுறையின் பெற்றோரிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்தக் கதைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. வேகமான வாகனம் மட்டும் காத்திருப்பைக் குறைத்ததில்லை. பிந்துவதற்கு யார் காசு கட்டுவது என்று ஒரு விதி வந்தபோதுதான் அது பெரும்பாலும் குறைந்தது. ஆகவே காசு கட்டுவதற்கு முன்னம் 'எப்போது வரும்' என்று மட்டும் கேட்காமல், 'எப்போது அனுப்புவீர்கள், அனுப்பாவிட்டால் என்ன செய்வீர்கள்' என்றும் கேட்போம். உள்ளூர்ப் பக்கங்களிடமும் கேட்போம்; பதிலை எழுத்தில் வாங்கி வைப்போம். கூடவே, நாளைக்கே வேண்டுமென்று அவசரப்படுகிற நேரத்தில், அந்த ஒரு நாளை யாருடைய முதுகிலிருந்து எடுக்கிறோம் என்பதையும் யோசிப்போம். பார்சல் கொண்டு வருகிறவரை ஏசுவதை இப்போதே நிறுத்தலாம்.