விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறிவு

டிஸ்க் கொல்ஃப் என்னும் விளையாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் நாம் 'பரிதிவட்டம் எறிதல்' என்றோம். தமிழகத்தார் 'வட்டு எறிதல்' என்பர். ஆகவே வட்டுக் கொல்ஃப் என்றே வைத்துக்கொள்வோம். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் வட்டு, மட்டைக்குப் பதில் கை, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எறிந்த வட்டு எங்கே விழுந்ததோ அங்கே நடந்து சென்று, அவ்விடத்தில் நின்றே அடுத்த எறிவை எறிய வேண்டும். குறைந்த எறிவுகளில் எல்லாக் கூடைகளையும் முடித்தவர் வென்றவர். சட்டம் அவ்வளவுதான்.

ஒன்ராறியோவில் ஏரிக்கரை விடுதி ஒன்றில், உறவினர் பிள்ளைகளோடு ஒரு கோடை விடுமுறையில் இதை விளையாடினேன். விடுதியைச் சுற்றியிருந்த காட்டுக்குள்ளேயே கூடைகளை நட்டிருந்தார்கள். கை வசப்பட அதிக நேரம் எடுக்கவில்லை. கால்தான் வசப்படவில்லை. வட்டு பற்றைக்குள் போகும்போதெல்லாம் பாதையின் ஓரத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன் மாமா, பாம்பு இருக்குமா?" என்று கேட்டான் அங்கே பிறந்த மருமகன். பாம்புக்கு நாம் எப்போது பயந்தோம்!

இந்த விளையாட்டின் வரலாறு சுவையானது. 1926-இல் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில், பிளாட்வேர்த் என்னும் சிற்றூரில், றொனால்ட் கிப்சன் என்ற சிறுவனும் பள்ளித் தோழர்களும் தகர மூடிகளை எடுத்து, பள்ளிக்கூட மணலில் கீறிய வட்டங்களுக்குள் எறிந்து விளையாடினர். 'தகர மூடிக் கொல்ஃப்' என்று அதற்குப் பெயரும் வைத்தனர். பிள்ளைகள் வளர்ந்தார்கள், விளையாட்டு மறைந்தது. அதன் பின்னர் கலிபோர்னியாவில் 'வாம்-ஓ' நிறுவனம் 1957-இல் பிரிஸ்பி வட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், வட்டின் மேற்புறத்தில் வளைய வரிகளை அமைத்து அது தளம்பாமல் பறக்க வழிசெய்தார். 1975-இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஓக் குறோவ் பூங்காவில் முதலாவது நிரந்தர வட்டுக் கொல்ஃப் திடலை அமைத்தவரும் அவரே. சங்கிலிக் கூடையும் அவருடைய ஆக்கம். 2002-இல் அவர் காலமானபோது, அவருடைய விருப்பப்படி அஸ்தியின் ஒரு பகுதியைக் கலந்து வட்டுகள் வார்த்தார்கள். கீரிமலையில் அஸ்தி கரைக்கும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்; எனக்கென்னவோ பிழையாகத் தெரியவில்லை.

கொல்ஃப் நம் தீவுக்கு வந்த வழி வேறு. 1879-இல் கொழும்பிலும் 1889-இல் நுவரெலியாவிலும் வெள்ளையர் கழகம் அமைத்தனர். பதினெட்டுக் குழித் திடல் ஒன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். புல்லுக்கு நீர் வேண்டும். உள்ளே போக உறுப்புரிமை வேண்டும். வட்டுக் கொல்ஃபுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. நிற்கிற மரம் நிற்கிறபடியே போதும். உலகெங்கும் உள்ள திடல்களில் மிகப் பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில், கட்டணமின்றித் திறந்தே கிடக்கின்றன.

நிற்கிற மரத்துக்குத் தென்மராட்சியில் என்ன குறை? கண்டி வீதியால் சாவகச்சேரியைக் கடந்து மீசாலை, கொடிகாமம் என்று போனால் இருமருங்கும் தென்னையும் மாவும் பலாவும்தான். அந்தத் தோப்புகளே எங்கள் விளையாட்டிடம். கிட்டி, கிளித்தட்டு, புத்தாண்டு காலத்தில் போர்த்தேங்காய். ஓட்டுத் துண்டைக் கோட்டுக்குள் எறிந்து கெந்தி ஆடும் பெண்பிள்ளைகளின் விளையாட்டு, பிளாட்வேர்த் சிறுவர்களின் மணல் வட்டத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. பால்மா ரின்னின் மூடியைத் தென்னை மரத்துக்குக் குறிவைத்து வீசியதும் உண்டு. அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. வைத்திருக்கலாம்.

இவ்விளையாட்டுகளைத் தொலைக்காட்சி அழித்துவிட்டது என்று புலம்புவது நம்மவர் வழக்கம். பிற இடங்களைப் பற்றி நான் பேசவில்லை. தென்மராட்சியைப் பொறுத்தவரை அது உண்மையன்று. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரமே இருக்கவில்லை. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அந்த ஆண்டுகளில்தான் பிள்ளைகள் ஒழுங்கைகளில் மிகுதியாக விளையாடினார்கள். குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழி. ஓய்ந்தால் மீண்டும் கிட்டி.

1995 ஒக்டோபர் 30-இல் வலிகாமத்திலிருந்து பல இலட்சம் மக்கள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் வந்து சேர்ந்தபோது பாடசாலைகளும் மைதானங்களும் தங்குமிடங்களாயின. பின்னர் 2000 ஏப்ரலில் ஆனையிறவுத் தளம் வீழ்ந்தது. மே மாதத்தில் போர் தென்மராட்சிக்குள் நுழைந்தது. செப்ரெம்பரில் சாவகச்சேரியை இராணுவம் மீளப் பிடித்தபோது அங்கே நகரம் என்று சொல்ல அதிகம் எஞ்சியிருக்கவில்லை. வீதியோரத்தில் தலையற்ற தென்னைகள் வரிசையாக நின்றன. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சனங்கள் திரும்பத் தொடங்கியபோது, வேலிகளில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் தொங்கின: மிதிவெடி.

விளையாட்டுக்கு அடிவிழுந்தது அங்கேதான். எறிந்ததை எடுக்கப் போக முடியாத இடத்தில் எறியும் விளையாட்டு ஏது? பந்து பற்றைக்குள் விழுந்தால் விட்டுவிட்டு வா என்று தாய்மார் சொன்னார்கள். பாதையை விட்டு இறங்காதே என்று பாடசாலையில் படங்காட்டிப் படிப்பித்தார்கள். அது உயிர் காத்த பாடம். ஆனால் அதைப் படித்த ஒரு தலைமுறை, தன் வீட்டுத் தோப்பையே தூரத்தில் நின்று பார்க்கக் கற்றது. வீடு இடிந்தால் கணக்கெடுக்கலாம், நட்டஈடு கேட்கலாம். இந்த இழப்புக்கு எந்தப் படிவத்திலும் நிரல் இருக்கவில்லை.

'ஹலோ ட்ரஸ்ட்' என்னும் பிரித்தானிய அமைப்பு 2002-இல் இலங்கையில் வெடிகளை அகற்றும் பணியைத் தொடங்கியது. 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்தது. முகமாலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: முகக் கவசத்தோடு வெயிலில் முழங்காலிட்டிருப்போரில் பலர் பெண்கள், அவர்களுள் போரில் கணவரை இழந்தவர்களும் உண்டு. குறுகிய பாதை ஒன்றைத் தடிகளால் அடையாளமிட்டு, அதற்குள் அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டிப் போவார்கள். நாள் முழுவதும் வேலை செய்தாலும் ஒருவர் துப்புரவாக்கும் நிலம் சில சதுர மீற்றர்தான். அவர்கள் முடித்து எழுந்த இடத்தில் சிவப்புத் தடியைப் பிடுங்குகிறார்கள். அதன் பின்னரே அங்கே ஆடு மேய்கிறது, தென்னங்கன்று நடப்படுகிறது, பிள்ளைகளும் பந்தெடுக்க ஓடுகிறார்கள்.